நாச்சிக்குப் பால் மறக்கடித்த பதினைந்து நாள்

17-12-68 செவ்வாய்

நல்ல பனி. கொல்லையில் வேப்பங்கொழுந்து பறித்து வருவதற்குள் முந்தானை முழுக்க ஈரம். மதினி அம்மியில் வைத்து மை மாதிரி அரைத்துக் கொடுத்தார். மார்பில் பூசிக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது. அதைத் தவிர நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த டைரி புதுவயல் மில்லில் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. ஜனவரியில் நாலு பக்கம் எழுதினேன். மற்றதெல்லாம் வெள்ளைத் தாள், நடுவில் இரண்டு பக்கம் நாச்சியின் கிறுக்கல். வருஷம் முடியப் பதினைந்து நாள்தான். அதையாவது எழுதுவோம். வேறு யாரிடமும் சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை இது.

சங்கதி இதுதான். ஜனவரி 2 திண்டுக்கல்லில் சேர வேண்டும். தையல் டீச்சர் பயிற்சி, ஆறு மாதம், விடுதியில் தங்கி. பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஜூனிலிருந்து வேலை இல்லை என்று தலைமைச் சிஸ்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நாச்சிக்கு இரண்டு வயது மூன்று மாதம். இன்னும் பாலை விட்டபாடில்லை. சோற்றைக் கண்டால் வாயைத் தைத்துக்கொள்கிறாள். மதியம்கூட மதினி பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வருவார், தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்து அனுப்புவேன். நாற்பது பிள்ளைகள் வெளியே நின்று சிரிக்கும்.

31க்குள்:
1. பால் மறக்க வேண்டும்.
2. சோறு இறங்க வேண்டும்.
3. அதுவும் மதினி கையால்.

மூன்றும் நடந்தால் போகலாம். வீட்டுக்காரர் (இனி வீ.கா., கை வலிக்கிறது) தீர்ப்புச் சொல்லியாயிற்று. "பிள்ள பட்டினியாக் கெடந்தா நீ போகவேணாம், அம்புட்டுத்தான்." சொல்லிவிட்டு மில் லாரியை எடுத்துக்கொண்டு போனார். இனி சனிக்கிழமைதான் வருவார். அவருக்கென்ன.

சாயங்காலம் முதல் சோதனை. நாச்சி வந்தாள், ஒரு வாய் வைத்தாள், முகம் கோணியது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துண்டை இழுத்து வந்தாள். நன்றாகத் துடைத்தாள். குடித்தாள். குடித்து முடித்ததும் துண்டை என் தோளில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். மதினி சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

18-12-68 புதன்

இன்றும் பனி. வேப்பங்கொழுந்தோடு வேப்பெண்ணெயும். துண்டுகளையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று.

"ஏத்தா செல்லம், இன்னுங் கொஞ்சம் எண்ணெய் சேக்கவா? இவளுக்கு இந்தக் கசப்பு காணாது."

கண்டது. நாச்சி வாயை எடுத்துவிட்டுக் "கச்சு" என்றாள். அழுதாள். என் சேலையைப் பிடித்து, தன் கவுனைப் பிடித்து, எதைக் கொண்டு துடைத்தும் போகவில்லை. அழுகை ஒரு மணி நேரம். அடுத்த வீட்டுச் சன்னல் திறந்து மூடியது. ஒரு குரல்: "டீச்சர் பிள்ளைய அடிக்கிறாகளோ?" இன்னொரு குரல்: "பால் மறக்கடிக்கிறாகளாம். படிக்கப் போறாகல்ல."

அந்த "போறாகல்ல" எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

கொடுத்துப் பார்த்தவை: பருப்புச்சோறு (துப்பினாள்), தயிர்ச்சோறு (கையால் தட்டினாள்), இட்லி (பூனைக்குப் போட்டாள்), பிஸ்கட் (நக்கிவிட்டு வைத்தாள்), பசும்பால் (தொடவில்லை). உள்ளே போனது அரை டம்ளர் தண்ணீர், என் தையல் பெட்டியிலிருந்து ஒரு முழம் வெள்ளை நூல். அதை வாயிலிருந்து இழுத்து எடுத்தேன். இது அவளுக்குப் பழைய வழக்கம். கீழே நூல் கிடந்தால் வாய்க்குப் போய்விடும். சப்பிக்கொண்டே இருப்பாள். "நூலத் திங்காதடி" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்கிறேன்.

நாற்பத்தெட்டுக் கைக்குட்டை திருத்த வேண்டும். ஓரத் தையல் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாருக்கும் பாஸ் போட்டுவிட்டேன்.

19-12-68 வியாழன்

வெயில். தலைவலி.

பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விழாக் கூட்டம். திங்கள்கிழமை சாயங்காலம் மூன்று மணியிலிருந்து ஏழு வரை, மைதானத்தில் பலகாரக் கடைகள். கட்டட நிதிக்கு. யார் யாருக்கு என்ன என்று சிஸ்டர் வாசித்தார். அறிவியல் டீச்சருக்குக் கேக். கணக்கு டீச்சருக்கு அச்சு முறுக்கு. டிரில் மாஸ்டருக்குப் பஞ்சுத் தாடி வைத்துக்கொண்டு மிட்டாய் கொடுக்கிற தாத்தா வேஷம். நான் கடைசியாக உட்கார்ந்திருந்தேன், பெயர் விட்டுப்போகாதா என்று.

"செல்லம்மா டீச்சர், உங்களுக்கு எண்ணெய்ச் சட்டி. போன வருஷம் உங்க வெள்ளைப் பணியாரம்தானே முதல்ல தீர்ந்துச்சு."

போன வருஷம் நன்றாகச் சுட்டது என் தப்பு.

"சிஸ்டர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். திண்டுக்கல்லுக்குக் கடிதம் எழுதி இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்துக் கடை வெளி ஆள். செக்காலையில் இருக்கிற ஆமினா அக்கா. ரங்கூனில் இருந்தவர்கள், நாலு வருஷத்துக்கு முன்னால் கையில் கிடைத்த சாமான்களோடு கப்பலேறி வந்த குடும்பம். மகள் எங்கள் பள்ளியில் ஆறாவது. அங்கே சாப்பிடுகிற ஒரு பண்டத்தைச் செய்து காட்டச் சொல்லியிருந்தார் சிஸ்டர். தூக்குச் சட்டியில் கொண்டு வந்திருந்தார். அரிசி மாவை இடியாப்ப உரலில் நீளமாகப் பிழிந்து, அதன்மேல் மீனும் வாழைத்தண்டும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. பெயர் மொயிங்கா. மூன்று தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.

"உப்புச் சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க. எனக்கு நோன்பு. வாயில வைக்காமத்தான் ஆக்குனேன்."

சரியாக இருந்தது. வாயில் வைத்துப் பார்த்துச் சமைக்கிற எனக்கே அப்படி வருவதில்லை.

நாச்சி இரண்டு கரண்டி கஞ்சி. அவ்வளவுதான். மூன்றாம் நாள்.

20-12-68 வெள்ளி

பரீட்சை முடிந்தது. பால் கட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கல். கையைத் தூக்கினால் உயிர் போகிறது. கரும்பலகையில் மேலே எழுத முடியாமல் கீழேயே எழுதினேன். ஜுரம் மாதிரி.

மதினி சொன்னது: மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். கடைத்தெருவில் நாலு பூக்காரியிடம் கேட்டுவிட்டு வந்தார். மார்கழியில் மல்லிகைக்கு எங்கே போவது. "செவ்வந்தி இருக்கு, கனகாம்பரம் இருக்கு, அதுகள வச்சு என்ன செய்ய." உண்மையிலேயே வருத்தப்பட்டார். கோயில் ஸ்பீக்கர் அலறிய நேரத்தில் எழுந்தவர், வெறுங்கையோடு பத்து மணிக்குத் திரும்பினார்.

மதினியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதி வைக்க வேண்டும். வீ.கா.வின் அக்கா. புருஷன் போன பிறகு ஆறு வருஷமாக எங்களோடு. பிள்ளை இல்லை. நாச்சியை வளர்க்கிறது அவர்தான், பால் ஒன்றுதான் என்னுடையது. அந்த ஒன்றுக்காகத்தான் நாச்சி என்னிடம் ஓடி வருகிறாளோ என்று சில நேரம் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும்.

21-12-68 சனி

விழாப் பணியாரத்துக்கு ஒரு ஒத்திகை. அரிசி ஊறப்போட்டு, உளுந்து ஊறப்போட்டு, ஆட்டுரலில் அரைத்துப் பார்த்தேன். கை தூக்க முடியவில்லை. மீதியை மதினி அரைத்தார்.

வீ.கா. வந்தார். நாச்சியின் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் போட்டிருந்த கறுப்பு வளையல் கழன்று விழுந்தது. போன வாரம் வரை சோப்புப் போட்டால்தான் கழலும்.

"இந்தா பாரு. இதுக்கு மேலயும் நான் சொல்லணுமா?"

"இன்னும் பத்து நாளு இருக்குல்ல."

"பத்து நாளு பிள்ள தாங்குமாங்கிறேன்."

மதினிதான் "நீ சும்மா இரு தம்பி, உனக்குப் பாலு வத்துற வலி தெரியுமா" என்றார். அவருக்கும் தெரியாது. இருந்தாலும் சொன்னார்.

மீன் குழம்பு கேட்டார் வீ.கா. மார்கழி பிறந்ததிலிருந்து வீட்டில் கவுச்சி கிடையாது. மதினி சட்டம். முட்டைகூட வாசலோடு சரி. முணுமுணுத்துக்கொண்டே ரசம் சாப்பிட்டார்.

23-12-68 திங்கள்

நேற்று எழுதவில்லை. ஜுரம்.

இன்று விழா. ஒரு வழியாக முடிந்தது. கால் இரண்டும் வேறு யாருடையதோ. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டுப் படுக்கலாம்.

இரண்டு மணிக்கே மாவுக் குண்டான், எண்ணெய்ச் சட்டி, மிளகாய்த் துவையல், கரண்டி, நாச்சி, மதினி எல்லாரும் ஒரே குதிரை வண்டியில். மாவு மதினி மடியில், நாச்சி என் மடியில். வண்டிக்காரர், "டீச்சர் குடி மாறிப் போறீகளா?"

மைதானம் முழுக்க வண்ணக் காகிதம். வாசலில் சீட்டு விற்பனை: பச்சைச் சீட்டுக்குப் பலகாரம், சிவப்புச் சீட்டுக்கு விளையாட்டு. மேடைக்குப் பக்கத்தில் குடில். களிமண் ஆடு, மாடு, வைக்கோல், மாதா, சூசையப்பர். தொட்டில் மட்டும் காலி. நாச்சியைத் தூக்கிக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "பாப்பா இல்ல" என்றாள். இத்தனை நாளில் அழாமல் பேசிய முதல் வார்த்தை.

மதினி சிஸ்டரிடமே கேட்டுவிட்டார். "பிள்ளய எங்குட்டு வச்சிருக்கீக?"

"நாளைக்கு நடு இராத்திரிதான் பாலனை வைப்போம் அம்மா. அதுவரைக்கும் காலியாத்தான் இருக்கும்."

"பாவம். அதுவரைக்கும் அந்தத் தாயி வெறும் வைக்கலப் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்."

நாச்சியை இறக்கிவிட மனம் வராமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். ஜுரம் இருந்தது, அதனாலும் இருக்கலாம்.

கடை எண் ஏழு என்னுடையது. எட்டு ஆமினா அக்கா. பெருநாள் முடிந்த கையோடு வந்திருந்தார், கையில் மருதாணி கருஞ்சிவப்பு. நாச்சியை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விட முடியாது. பழைய சேலைக் கிழிசலை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை பெஞ்சுக் காலில் கட்டினேன். பார்ப்பவர்கள் பார்த்தார்கள். ஒரு அம்மாள்: "கன்னுக்குட்டியா அது?" ஆமாம் என்றேன். பேசத் தெம்பில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் கட்டி ஏறியது. பணியாரம் வேகிற வேகத்துக்கும் கை நீள்கிற வேகத்துக்கும் ஒத்துவரவில்லை. "டீச்சர் எனக்கு", "டீச்சர் நான் முதல்ல வந்தேன்", "அக்கா துவையல் இல்லையா", "இதென்ன வெள்ளையா இருக்கு, வேகலையா?" வெள்ளைப் பணியாரம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நாலு பேருக்குச் சொன்னேன். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை கரண்டியைத் தூக்கும்போதும் இடப்பக்கம் சுருக்கென்றது. ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே சுட்டேன்.

நாச்சிக்கு ஒரு பணியாரம் ஆறவைத்துக் கொடுத்தேன். எறிந்தாள். கேக் கொண்டுவந்தார் மதினி, அதையும் எறிந்தாள். பஞ்சுத் தாடித் தாத்தா மிட்டாயோடு குனிந்தார். டிரில் மாஸ்டர் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா. அவள் போட்ட கூச்சலில் தாடியே ஒருபக்கம் கழன்றது.

ஐந்து மணி இருக்கும். மதினி தண்ணீர் எடுத்து வரப் போனார். நான் ஒரு ஈடு எடுத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சுக் காலில் கிழிசல் இருந்தது. நாச்சி இல்லை. இடுப்பு இளைத்துப்போனது எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரத்து அளவை மனதில் வைத்தே கட்டியிருக்கிறேன். வளையல் மாதிரியே உருவிக்கொண்டு போய்விட்டாள். அளவெடுத்துத் தைக்கிற டீச்சர் நான்.

சட்டியை அப்படியே விட்டேன். எண்ணெய் புகைகிறது என்று யாரோ கத்தினார்கள். குடில், லக்கி டிப், கேக் கடை, வாசல், கிணறு. கிணற்றுக்கு மூடி போட்டிருந்தது, இருந்தாலும் எட்டிப் பார்த்தேன். பயிற்சியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், இவள் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

திரும்பி ஓடி வரும்போது எட்டாம் கடை மேசைக்கு அடியில் இரண்டு கால்.

குனிந்து பார்த்தால் நாச்சி. கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் வாழை இலைத் துண்டு. ஒரு கையால் நீளமாக ஒரு இழையைத் தூக்கி, அண்ணாந்து, வாயில் விட்டு, சுர் என்று இழுக்கிறாள். கடைசி முனை வாய்க்குள் போனதும் என்னைப் பார்த்தாள். பயந்தாள். திட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"நூலு" என்றாள், மெதுவாக.

இன்னொரு இழையை எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள். இழுத்தாள். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. பதினைந்து இழை வரைக்கும் எண்ணினேன், பிறகு கண் மறைத்தது. மேசைத் துணிக்குள்ளே உட்கார்ந்து அழுதேன். வெளியே பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆமினா அக்கா குனிந்து, "நான் கூப்புடல தங்கச்சி. அதுவா வந்து ஒக்காந்துச்சு. மொளகா படாம அடிச்சாறு ரெண்டு கரண்டி விட்டேன். திட்டாதீக" என்றார். ஆறு நாள் பட்டினி கிடந்த பிள்ளை என்று அவருக்குத் தெரியாது.

மதினி குடத்தோடு வந்து நின்று பார்த்தார். வாசனை பிடித்தார். "மீனா?" என்றார். ஆமாம் என்றேன். மார்கழி ஏழோ எட்டோ தேதி. குடத்தைக் கீழே வைத்தார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றார் ஆமினா அக்காவிடம்.

என் எண்ணெய்ச் சட்டியைக் கணக்கு டீச்சர் காப்பாற்றியிருந்தார். கடைசி இரண்டு ஈடு கருப்புப் பணியாரம்.

முடிகிற நேரம் சிஸ்டர் வந்தார். ரவிக்கையைப் பார்த்தார். தனியே கூட்டிப் போய்க் கேட்டார், சொன்னேன். மேசையில் கிடந்த மாலையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். சிறப்பு விருந்தினருக்காக மதுரையிலிருந்து வரவழைத்தது. அவர் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். செவ்வந்திக்கு நடுவே நாலு சரம் மல்லிகை. அவர் அரை மணி நேரம் கூட்டுறவைப் பற்றிப் பேசியபோது கழுத்தில் கிடந்த பூ. பிரித்தெடுத்து, மதினி வைத்துக் கட்டிவிட்டார்.

"சாமிக்குப் போட்டதில்லையே?" இரண்டு தடவை கேட்டார்.

"இல்ல மதினி. பேசுனவருக்குப் போட்டது."

"அப்பச் சரி."

24-12-68 செவ்வாய்

மூட்டம். தூறல்.

வலி கொஞ்சம் குறைவு. உடம்பெல்லாம் மல்லிகை வாடை, கல்யாணப் பெண் மாதிரி. இந்த வாரம் லோடு இல்லை என்று வீட்டோடு இருக்கிற வீ.கா. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, காரணம் தெரிந்ததும் வெளியே போய்விட்டார்.

நாச்சி காலையில் இட்லியைத் தள்ளினாள். "நூலு" கேட்டாள். மதினி இடியாப்பம் பிழிந்தார், தேங்காய்ப்பால் ஊற்றி. பார்த்தாள். அது வட்டமாக, சிக்கலாக இருந்தது. நீளமாக இல்லை. தள்ளினாள்.

பத்து மணிக்கு மதினியைக் காணோம். குடை இல்லாமல் போயிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஒரு கையில் வாழைத்தண்டு. இன்னொரு கையில் இலையில் பொதிந்த ஏதோ. செக்காலை வரை நடந்து, ஆமினா அக்கா வீட்டைக் கண்டுபிடித்து, அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "வெங்காயத்த மொத வதக்கணுமாம். கடல மாவ வறுத்துக் கரைக்கணுமாம். மாவ வெந்நீல பிசஞ்சு, உரல ஒசரத் தூக்கிப் பிடிச்சுக் கொதிக்கிற தண்ணியில பிழிஞ்சா அறாதாம்."

இலைக்குள் மீன்.

நான் வாயைத் திறக்கும் முன்னாலே, "கொல்லையில தனிச்சட்டி வச்சு ஆக்கிக்கிறேன். ஆக்கிட்டுக் குளிச்சிருவேன். நீ ஒண்ணுஞ் சொல்லாத" என்றார். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், மார்கழியில் இந்த வீட்டில் மீன் செதில் விழுந்ததில்லை. தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு கொல்லை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகை. இருமல்.

நாச்சி தின்றாள். மதினி வெந்த இழையை உயரத் தூக்கி நேராக அவள் வாய்க்கே இறக்கினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலில் மூன்றாவது எண்ணும் ஆயிற்று. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். களைப்பாகவும் இருந்தது.

25-12-68 புதன்

சிஸ்டருக்கு வாழ்த்துச் சொல்லப் போனோம். கேக் துண்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி. குடிலில் பாலன் வந்தாயிற்று. நாச்சி, "பாப்பா" என்றாள். மதினி திருப்தியோடு, "இப்பத்தான் கண்ணுக்கு நல்லாருக்கு."

சாயங்காலம் நாச்சி ஒரு தடவை என்னிடம் வந்தாள். முந்தானையை விலக்கினாள். வேம்பைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். போய்விட்டாள். அழவில்லை.

27-12-68 வெள்ளி

நாச்சி தின்றவை: நூல் (காலை), நூல் (மதியம்), நூலோடு ரசச்சோறு நாலு வாய். மதினி தந்திரம். இழைக்கு நடுவே சோற்றை ஒளித்துவைக்கிறார்.

வேம்பு பூசுவதை நேற்றோடு நிறுத்திவிட்டேன். கேட்பதில்லையே.

வீ.கா. வெள்ளோட்டம் பார்த்தார். நாள் முழுக்க என்னை நாச்சியாபுரத்துக்கு, என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோது பிள்ளை தேடவே இல்லையாம். "நிம்மதியாப் போயிட்டு வா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு ஏன் சுருக்கென்றது என்று தெரியவில்லை. தேடவே இல்லை என்பதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

29-12-68 ஞாயிறு

கொண்டுபோக: புடவை நாலு (வெள்ளை இரண்டு, விடுதிச் சட்டம்), ரவிக்கை ஆறு, ஜமுக்காளம், தட்டு, டம்ளர், பூட்டு, கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசிப் பொட்டலம், மூன்று நிற நூல்கண்டு, சிஸ்டர் கடிதம், ஊறுகாய்.

வீட்டில் விட்டுப் போக: மற்றதெல்லாம்.

பழைய ரவிக்கைகள் தொளதொள. பிடித்துத் தைத்தேன். பால் முக்கால் வாசி வற்றிவிட்டது. நாச்சி பக்கத்திலேயே இருந்தாள். கீழே கிடந்த நூலை எடுத்தாள், பார்த்தாள், என்னிடமே கொடுத்துவிட்டாள். "இது நூலு இல்ல" என்றாள்.

31-12-68 செவ்வாய்

வெயில். காற்று. பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலை ஆறரைக்குப் பஸ். வீ.கா. லாரியில் கொண்டுவந்து விடுகிறார். நாச்சி எழுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது மதினி யோசனை.

மதியம் மூன்று மணி. மதினி வாழைத்தண்டுக்குப் போனார். வீ.கா. இல்லை. வீட்டில் நானும் நாச்சியும்.

செய்ததை எழுதிவிடுகிறேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு தடவை. வேம்பு பூசி நாலைந்து நாள் ஆகிவிட்டது, இருந்தாலும் கழுவினேன். சருகாகிப்போன பூவையும் அவிழ்த்துப் போட்டேன். ஒரே ஒரு தடவை, போகிறவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து நாள் பிள்ளையும் மதினியும் நானும் பட்ட பாடு அத்தனையும் பாழ் என்று தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

வந்தாள். பழையபடி மடியில் ஏறிப் படுத்தாள். முந்தானையை விலக்கினேன்.

பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள்.

"கச்சு."

"கசக்காதுடி. அம்மா கழுவிட்டேன்."

"ம்ஹும். கச்சு" என்றாள். கோபம் இல்லாமல், எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது போல. பிறகு இரண்டு கையாலும் என் முந்தானையை இழுத்து மூடினாள். மூடிய இடத்தில் இரண்டு தடவை தட்டினாள். இறங்கிப் போய் இடியாப்ப உரலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மதினி கதவைத் தட்டுகிறார். முகம் கழுவிக்கொண்டுதான் திறக்க வேண்டும்.